ஒரு பாட்டில் உப்புத்தண்ணி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி... எந்தச் சின்ன நர்சிங் ஹோமுக்குள் எட்டிப் பார்த்தாலும் ஒரு காட்சி நிச்சயம். சோர்ந்து படுத்திருப்பவரின் தலைக்கு மேல் பாட்டில் தொங்கும். 'குளுகோஸ் ஏத்துறாங்க' என்பார்கள் உறவினர்கள். கிட்டே போய்ப் படித்துப் பாருங்கள். பல சமயம் அது குளுகோஸே அல்ல! சோடியம் குளோரைடு, 0.9 சதவிகிதம். அதாவது, லிட்டருக்கு 9 கிராம் சாதாரண உப்பு.

அதென்ன கணக்கு 0.9? இந்த எண்ணைப் பிடிக்க மனித குலம் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே சென்ட்ரலைத் தாண்டித் தீவுத்திடல் பக்கம் போனால், சேணமில்லாத குதிரை மேல் கம்பீரமாக உட்கார்ந்திருப்பவர் சர் தாமஸ் மன்றோ. சென்னை மாகாண கவர்னர். 1827 ஜூலையில், சுற்றுப்பயணம் போன இடத்தில், பட்டிகொண்டா என்ற ஊரில் காலரா ஒரே நாளில் அவர் கதையை முடித்துவிட்டது. கவர்னருக்கே இந்தக் கதி என்றால் குப்பன், சுப்பன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அன்றைய டாக்டர்களின் வைத்தியம் என்ன தெரியுமா? உடம்பே வற்றிப்போய்க் கிடப்பவரின் நரம்பைக் கீறி, ரத்தத்தை வேறு வெளியேற்றுவது!

1831-ல் காலரா பிரிட்டனுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே ஓஷானஸி என்ற இளம் டாக்டர் நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்து, 'தண்ணீரும் உப்பும்தான் குறைகிறது, திருப்பிக் கொடுங்கள்' என்றார். (பிற்பாடு இந்தியாவுக்கு வந்து நமக்குத் தந்திக் கம்பி இழுத்தவரும் இதே ஆசாமிதான்!) அவர் சொன்னதை 1832-ல் செய்து பார்த்தவர் ஸ்காட்லாந்தின் தாமஸ் லாட்டா. செத்துவிட்டதாக நினைத்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆனால், பலர் மறுபடி சாய்ந்துவிட்டார்கள். கொதிக்கவைத்துக் கிருமி நீக்கும் வழக்கம் அன்று இல்லை. அது தவிர, லாட்டா முதலில் கலந்த உப்பு, ரத்தத்தில் இருக்கவேண்டிய அளவில் பாதிகூட இல்லை.

உப்பு குறைந்தால் என்ன? இங்கேதான் சிவப்பணு மேடைக்கு வருகிறது. அதன் உருவம், நடுவில் அமுக்கிய, ஆனால் ஓட்டை விழாத மெதுவடை! சுற்றியுள்ள நீரில் உப்பு குறைந்தால், தண்ணீர் அணுவுக்குள் புகும். பாயசத்தில் விழுந்த திராட்சை மாதிரி உப்பி, வடை போண்டாவாகும். இன்னும் புகுந்தால் 'டப்'பென்று உடையும். உப்பு அதிகமானாலோ, ஜாடியில் போட்ட மாவடு மாதிரி சுருங்கிவிடும். இந்தத் தண்ணீர் புகும் நுண்ணிய வாசலைச் சிவப்பணுவில் கண்டறிந்ததற்காகத்தான் பீட்டர் அக்ரேவுக்கு 2003-ல் நோபல் பரிசு.

அளவைப் பிடித்தவர் ஹாலந்தின் ஹாம்பர்கர். (தின்பண்டம் இல்லை சார், விஞ்ஞானி!) 1883-ல் தொடங்கி, உப்புநீரைப் படிப்படியாக நீர்க்கவைத்து அதில் ரத்தம் கலந்து பார்த்தார். ஓரளவு வரை அணுக்கள் அடியில் படிந்தன, மேலே தெளிந்த நீர். ஒரு கட்டத்துக்குக் கீழே போனதும் நீரே சிவந்தது. அணுக்கள் உடைந்து சாயம் வெளியேறிவிட்டது! அதுவரை சோதனைச்சாலைகளில் புழங்கிய 0.6 சதவிகிதம், தவளைக்குச் சரி. மனிதனுக்குச் சரியானது 0.9 என்று அவர் சொன்னார். அதில்தான் நம் சிவப்பணு உப்பவும் இல்லை, சுருங்கவும் இல்லை.

அப்புறம் கல்கத்தாவில் லியோனார்டு ரோஜர்ஸ் என்ற டாக்டர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நிறைய உப்புநீர் ஏற்றிக் காலரா சாவைப் பெருமளவு குறைத்துக் காட்டினார்.

இதன் அருமை நம் ஊருக்குத் தெரிந்தது 1992 அக்டோபரில். சென்னையில் காலரா வந்தது. ஆனால், இது வேறு ஜாதிக் கிருமி. ஓ139 என்று பிறகு பெயர் வைத்தார்கள். பழைய காலராவில் தேறி எதிர்ப்புச் சக்தி பெற்றவர்களையும் அது விடவில்லை. இங்கிருந்து கல்கத்தா, பங்களாதேஷ் என்று பரவியது. தடுப்பூசி தோற்றது; ஆனால் வைத்தியம் தோற்கவில்லை. ஏனென்றால், உப்பும் தண்ணீரும் கிருமியோடு சண்டை போடுவதில்லை. இழந்ததைத் திருப்பித் தருகின்றன, அவ்வளவுதான். கிருமி எந்தச் சட்டை போட்டு வந்தால் என்ன!

கடைசியாக ஒன்று. 1971-ல் பங்களாதேஷ் அகதிகள் முகாமில் பாட்டில் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலநபிஸ் உப்பையும் குளுகோஸையும் தண்ணீரில் கலந்து குடிக்கவே கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. குளுகோஸ் கைப்பிடித்து அழைத்துப் போனால், உப்பு குடலுக்குள் சமர்த்தாக நுழையும், பின்னாலேயே தண்ணீர்.

எனவே, பேதி என்றதும் 'ஒரு பாட்டில் ஏத்துங்க டாக்டர்' என்று அடம்பிடிக்காதீர்கள். கண் சொருகி, குடிக்கவே முடியாதவருக்குத்தான் ஊசி அவசியம். அவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மற்றவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் போதும். அதுவும் கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளந்து போடுங்கள், தலை தட்டி. கண் அளவு ரசத்துக்கு மட்டும்!