பிளாஷ் விளக்கும் கல்லெழுத்தும்

பிளாஷ் என்றதும் நம் குடும்பங்களில் பலருக்கும் நினைவுக்கு வருவது கல்யாண ஆல்பம்தான். பெண் மாப்பிள்ளை நெற்றி பளபளக்கும். பட்டுச் சேலையின் ஜரிகை வெள்ளையாய்ப் பொரிந்திருக்கும். பின்சுவரில் ஆளுக்கொரு கறுப்பு நிழல் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சம் போதவில்லை என்றால் போடுவது, போதுமென்றால் நிறுத்துவது, இதற்கு மேல் அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நூற்றறுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைச் சுருக்கிச் சொன்னால், விளக்கைக் கேமராவை விட்டுத் தள்ளி வைக்க மனிதன் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட கதை அது. அந்தப் பாடம் நம் முன்னோர் கல்லில் வெட்டிவைத்த எழுத்துகளைப் படிப்பதற்கும் காப்பதற்கும் எப்படிப் பயன்படுகிறது என்பதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் தொழிலால் பாத்திர வியாபாரி. பிறந்தது வந்தவாசிப் பக்கம், பிழைப்பு மும்பையில். கல்வெட்டுத் துறையில் பட்டம் எதுவும் பெற்றவனல்ல; ஊருக்குப் போகும்போதெல்லாம் சமண மலைகளை ஏறி இறங்கியும், கிடைத்த நூல்களைப் படித்தும் தெரிந்துகொண்டவைதான் என் கைச்சரக்கு. பிளாஷ் பழக்கம் வந்தது கடையில். விலைப்பட்டியல் அச்சடிக்கப் பித்தளைக் குத்துவிளக்கையும் செம்புக் குடத்தையும் படமெடுக்க வேண்டியிருந்தது. பளபளப்பான பித்தளைக்கு நேராகப் பிளாஷ் அடித்தால் குடம் தெரியாது, குடத்தில் பிளாஷ்தான் தெரியும். நடுவே வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து, பக்கத்திலிருந்து வெளிச்சத்தை வடிகட்டி விட்டால்தான் குடத்தின் உருட்சி வரும்.

மக்னீசியம் தந்த வெளிச்சம்

பிளாஷ் வருவதற்கு முன்பு படமெடுப்போருக்கு ஒரே விளக்கு சூரியன். 1858-இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராயிருந்த லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே காட்சியாக அமைத்தார். வெயில்தான் அவருக்கு வெளிச்சம். ஆனால் குகைக்குள்ளும் கருவறை இருட்டிலும் சூரியன் வராதே!

மக்னீசியம் எரியும்போது வரும் வெண்ணொளி படமெடுக்க உதவும் என்று 1859-இல் புன்சன், ராஸ்கோ என்னும் இரு வேதியியல் அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். 1864-இல் இங்கிலாந்தில் அந்த உலோகம் கம்பியாக விற்பனைக்கு வந்தது. அதையொட்டி ஆல்பிரட் பிரதர்ஸ் என்பவர் டெர்பிஷயர் சுரங்கக் குகை ஒன்றில் மக்னீசிய ஒளியில் படமெடுத்தார். 1865-இல் வானியலறிஞர் பியாஸி ஸ்மித் எகிப்தின் பெரிய பிரமிடுக்குள்ளேயே படமெடுத்தார். ஒரு படத்துக்கு ஒளி கொடுத்துவிட்டால் வெண்புகை மண்டிவிடும். அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பழம்பொருள் ஆராய்ச்சிக்கும் செயற்கை ஒளிக்கும் உள்ள உறவு இவ்வளவு பழையது என்பது கவனிக்கத் தக்கது.

1887-இல் ஜெர்மனியில் மீத்தே, கேடிக்கே என்ற இருவர் மக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட்டு முதலானவற்றைக் கலந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்தெரியும் பொடியைச் செய்தனர். நியூயார்க்கில் ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகையாளர் அந்தப் பொடியோடு ஏழைகள் அடைந்துகிடந்த இருட்டறைகளுக்குள் புகுந்தார். அவர் 1890-இல் வெளியிட்ட நூல் அந்நகரத்தின் மனச்சாட்சியைத் தொட்டது.

இதே ஆண்டுகளில் நம் பக்கம் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1886-இல் சென்னையில் ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் அரசாங்கக் கல்வெட்டறிஞராக நியமிக்கப்பட்டார். ரீஸின் நூல் வந்த அதே 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி வெளிவந்தது. ஆனால் நம் கல்வெட்டறிஞர்கள் முக்கியமாக நம்பியது கேமராவை அல்ல, மைப்படியை. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பார்கள். எழுத்து வெள்ளையாகவும் கல் கறுப்பாகவும் வரும். இன்றும் அது மதிப்பு மிக்க முறைதான். ஆயினும் பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. உங்களையும் என்னையும் போன்றவர்களுக்கு உரியது கேமரா.

பொடிக்குப் பின், 1930 வாக்கில் கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய அலுமினியத் தகட்டை எரிக்கும் பிளாஷ் பல்பு ஜெர்மனியிலிருந்து பரவியது. புகையும் தீ விபத்தும் குறைந்தன. ஆனால் ஒரு படத்துக்கு ஒரு பல்பு காலி. 1931-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்டு எட்ஜர்ட்டன், மின்சாரத்தைத் தேக்கிவைத்து வாயுக் குழாய் வழியாக ஒரே கணத்தில் வெளியேற்றும் மின்னணு பிளாஷை உருவாக்கினார். ஒரே விளக்கை ஆயிரக்கணக்கான தடவை அடிக்க முடிந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து இரவில் படமெடுக்கவும் இது பயன்பட்டது. 1944-இல் சோதனைக்காக இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கற்களை இரவில் ஆகாயத்திலிருந்தே எடுத்தார்கள். 1975-இல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-2 கேமரா, பிலிம் மீது பட்டுத் திரும்பும் பிளாஷ் ஒளியை அந்தக் கணத்திலேயே அளந்து, போதும் என்றதும் விளக்கை நிறுத்தியது.

கருவி இப்படி வளர வளர, அது கேமராவின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இன்றைய கைப்பேசியில் பிளாஷ் விளக்கு லென்சை ஒட்டியே இருக்கிறது. வசதி வந்தது, நிழல் போயிற்று.

நேர் வெளிச்சம் அழிக்கும், பக்க வெளிச்சம் காட்டும்

"வெளிச்சம் நிறைய விழுந்தா நல்லாத்தானே தெரியணும், தாத்தா?" என்று என் பேத்தி ஒரு தடவை கேட்டாள். நல்ல கேள்வி. வர்ணத்தைக் காண வெளிச்சம் போதும். மேடு பள்ளத்தைக் காண நிழலும் வேண்டும். கல்லில் வெட்டிய எழுத்துக்குத் தனி நிறம் கிடையாது. பள்ளத்தின் ஒரு கரை ஒளியில் மின்னி, மறு கரை நிழலில் கறுத்தால்தான் கோடு என்று ஒன்று கண்ணுக்குப் படும். பார்க்கும் திசையிலிருந்தே ஒளியும் வந்தால் இரண்டு கரையும் ஒன்றுபோலாகிவிடும்.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகப் பாறையில் வடித்திருக்கிறார்கள். நேர் பிளாஷில் எடுத்தால் வெள்ளைப் பாறையில் இருபத்துநான்கு சப்பை உருவங்கள்தான் கிடைக்கும். பக்கத்திலிருந்து சாய்வாக அடித்தால் மூக்கும் தோளும் மடித்த காலும் எழுந்து வரும். சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைக் கூறும் பழந்தமிழ்க் கல்வெட்டும் அக்குன்றில்தான் உள்ளது. ஒருவர் 57 நாள் இருந்த நோன்புக்குச் சாட்சி ஒரு பாறையும் சில வரிகளும்தான். அந்த வரிகளை மங்கலாகப் படமெடுத்து வைத்து யாருக்கு என்ன பயன்?

'க' சொல்லும் பாடம்

பக்க வெளிச்சம் என்றால் எந்தப் பக்கம்? இதற்கு நம் பழைய தமிழி எழுத்தே பாடம் சொல்கிறது. தமிழியில் 'க' என்பது கூட்டல் குறி போன்றது: ஒரு நெடுங்கோடு, ஒரு குறுக்குக் கோடு. சரியாக இடப்பக்கமிருந்து ஒளி வந்தால் நெடுங்கோடு பளிச்சென்று தெரியும். குறுக்குக் கோடு ஒளி ஓடும் திசையிலேயே கிடப்பதால் நிழல் விழாமல் மறைந்துபோகும். மிஞ்சுவது ஒற்றை நெடுங்கோடு. தமிழியில் ஒற்றை நெடுங்கோடு என்றால் 'ர'! ஒளியின் திசை தவறினால் 'க' என்பது 'ர' ஆகிவிடும் அபாயம் உண்டு. சரியாக மேலிருந்து ஒளி வந்தாலோ 'ர' எழுத்தே காணாமல் போகலாம்.

ஆகவே ஒரு படம் போதாது. மேல் இடம், மேல் வலம், நேர் இடம், நேர் மேல் என நான்கு திசையிலிருந்தாவது ஒளி கொடுத்து, கேமராவை அசைக்காமல் நான்கு படம் எடுக்க வேண்டும். கீழிருந்து மட்டும் ஒளி கொடுக்கலாகாது. மேலிருந்து வெளிச்சம் வருவதே நம் கண்ணுக்குப் பழக்கம். கீழிருந்து வந்தால் பள்ளமான எழுத்து புடைத்த எழுத்துபோல் மயக்கம் தரும்.

புள்ளி விஷயம் இன்னும் நுட்பமானது. பழைய கல்வெட்டுகளில் சிலவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு, பலவற்றில் இல்லை. பாறையிலோ இயற்கையான குழிகள் நூறு இருக்கும். உளி போட்ட குழியா, மழை போட்ட குழியா என்பதை ஒரு திசை நிழலை மட்டும் வைத்துத் தீர்மானிப்பது கடினம். பல திசை நிழல்களை ஒப்பிட்டால் குழியின் கரையும் ஆழமும் பிடிபடும்.

இந்தப் பல திசை முறையைக் கணிப்பொறியில் ஏற்றியவர் டாம் மால்ஸ்பெண்டர். ஹியூலெட் பேக்கர்ட் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த அவர் 2001-இல் வெளியிட்ட முறைப்படி, ஒரே பொருளைப் பல திசை ஒளியில் எடுத்த படங்களை ஒன்றாக்கி, திரையில் ஒளியை வேண்டிய பக்கம் நகர்த்திப் பார்க்கலாம். 2005-இல் ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ஆன்டிகித்தெரா என்னும் பழங்காலப் பொறியின் மங்கிய எழுத்துகளைப் படிக்க இம்முறை பெரிதும் உதவியது.

வியாபாரிக் கணக்கு

இனிக் கொஞ்சம் கணக்கு. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி கால் பங்கு. ஒரு மீட்டர் அகலக் கல்வெட்டுக்கு, அதன் ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளிப் பிளாஷை வைத்தால், கிட்டக் கரைக்கு அரை மீட்டர், எட்டக் கரைக்கு ஒன்றரை மீட்டர். தூரம் மூன்று மடங்கு. ஆக ஒளி ஒன்பதில் ஒன்று. ஒரு பக்கம் வெளுக்கும், மறுபக்கம் இருளும். அதே பிளாஷை இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் இரண்டுக்கு மூன்று. வித்தியாசம் இரண்டேகால் மடங்குதான். விளக்கைத் தள்ளி வைத்தால் வெளிச்சம் குறையும், ஆனால் சமமாகும்.

பிளாஷின் வலிமையை வழிகாட்டி எண் என்பார்கள். தூரத்தை எஃப் எண்ணால் பெருக்கினால் வருவது அது. வழிகாட்டி எண் 32 உள்ள பிளாஷுக்கு, ஐஎஸ்ஓ 100-இல், 4 மீட்டர் தூரத்துக்கு எஃப் 8; 2 மீட்டருக்கு எஃப் 16. இங்கே தூரம் என்பது விளக்குக்கும் கல்லுக்கும் உள்ளது. கேமராவுக்கும் கல்லுக்கும் உள்ளதல்ல. ஷட்டரை 1/125 நொடியில் வைத்தால் பெரும்பாலான கேமராக்களில் பிளாஷ் முழுப் படத்துக்கும் ஒத்து வரும். மிக வேகமாக வைத்தால் படத்தின் ஒரு பகுதி கறுப்பாகிவிடும்.

பிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, இணைப்புக் கம்பியாலோ கம்பியில்லா டிரிக்கராலோ இயக்கலாம். பாறையின் பரப்புக்குப் பத்து முதல் இருபது டிகிரி சாய்வில் ஒளி தடவிக்கொண்டு போக வேண்டும். வெயில் இருந்தால் கறுப்புக் குடையால் நிழல் செய்துகொள்ளலாம். பிளாஷ் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு: ஒருவர் கைப்பேசியில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்க, மற்றவர் கைப்பேசியில் படமெடுக்கலாம். டார்ச் நின்றெரிவதால் நிழல் எப்படி விழுகிறது என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் லாபம்.

கூடாதவை

ஓவியத்துக்குப் பிளாஷ் வேண்டாம். சித்தன்னவாசலிலும் அஜந்தாவிலும் உள்ளது வர்ணம். மேடு பள்ளம் இல்லை. அங்கே பிளாஷ் கண்ணைப் பறிக்கும் வெள்ளைத் திட்டையே தரும். பாதுகாப்புக் கருதித் தடையும் உண்டு. அஜந்தா ஓவியங்களை 1990-களில் பினாய் பெல் குறைந்த ஒளியிலேயே, பொறுமையாக நீண்ட நேரம் ஒளி கொடுத்து எடுத்தார். அந்தப் படங்கள் உலகெங்கும் பாராட்டப்பட்டன.

எழுத்து தெரிய வேண்டுமென்று சாக்பீஸ் தேய்ப்பதும், எண்ணெய் பூசுவதும், பெயிண்ட் அடிப்பதும் கூடவே கூடாது. அது கல்லுக்குக் கேடு. அதோடு, தேய்ப்பவர் எதை எழுத்து என்று நினைத்தாரோ அதுவே பிறகு வருபவர் கண்ணிலும் நிற்கும். நிழல் அப்படியல்ல, எடுத்தபின் கல் இருந்தபடியே இருக்கும்.

நாம் செய்யக் கூடியது

மதுரைப் பக்கத்து அழகர்மலைக் குகைத்தளத்தில் உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன் என்று கொடையாளர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கொழு என்றால் ஏர்க்கொழு. இரும்புச் சாமான் விற்ற ஒருவர் துறவிகளுக்குச் செய்த தருமம் இரண்டாயிரம் ஆண்டு கழித்து நமக்குத் தெரிகிறது. பித்தளை விற்கும் எனக்கு அது சொந்தக்காரர் பெயரைப் பார்த்தது போலிருந்தது. மும்பையில் உள்ளவர்களுக்குக் கன்னேரிக் குகைகள் ஒரு நாள் பயணம்தான். அங்கும் கல்யாண், சோபாரா வணிகர்களின் கொடைகள் பிராமி எழுத்தில் உள்ளன. தொல்லியல் துறையின் விதிகளைக் கேட்டறிந்து, பிள்ளைகளோடு அங்கே பழகிப் பார்க்கலாம்.

மலைகள் நிரந்தரம் என்ற நம்பிக்கை இப்போது செல்லாது. கல்குவாரிகள் பல குன்றுகளை விழுங்கிவிட்டன. திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்ததில் எழுத்து மழுங்கிய கோயில்கள் உண்டு. மாங்குளம் தமிழிக் கல்வெட்டுகள் உள்ள மீனாட்சிபுரம், அரிட்டாபட்டிப் பகுதி 2022-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்படியிருந்தும் 2024-இல் அந்த வட்டாரம் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் சிக்கியது. மக்கள் போராடிய பிறகு 2025 ஜனவரியில்தான் மத்திய அரசு அதை ரத்து செய்தது. இப்படிப்பட்ட நேரத்தில், இந்த மலையில் இன்ன எழுத்து இருக்கிறது என்று காட்ட ஒரு தெளிவான படம் கையில் இருப்பது பெரிய பலம்.

நம் சங்கக் குடும்பங்கள் ஆண்டுக்கொரு தடவையாவது ஊருக்குப் போகின்றன. குலதெய்வக் கோயில் சுவரிலோ, ஏரிக்கரைத் தூம்பிலோ, வயல்வெளி நடுகல்லிலோ எழுத்தைக் கண்டால் அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து நான்கு திசை ஒளியில் நான்கு படம் எடுங்கள். ஊர், இடம், தேதி, ஒளி வந்த திசை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். படிக்கத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். நன்றாக எடுத்த படத்தைப் படிக்க அறிஞர்கள் இருக்கிறார்கள். கல் போய்விட்டால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.