வெள்ளிக்கிழமை அடுப்பேறும் நூடுல்ஸ்

நியூ ஜெர்சியில் யூத நண்பர் வீட்டு விருந்துக்குப் போகும் தமிழரைத் திகைக்க வைப்பது குகல்தான். தட்டில் கோழி இருக்கும்; அதை ஒட்டியே பட்டை மணக்க, உலர்திராட்சை எட்டிப்பார்க்க, சதுரமாக வெட்டிய இனிப்பு நூடுல்ஸ் துண்டு ஒன்றும் இருக்கும். கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கு முன்பே இலையில் வந்து விழும் கேசரிக்குப் பழகியவர்கள் இதைப் பார்த்து அதிசயப்பட வேண்டியதில்லை.

குகல் பிறந்ததே ஒரு தடையால்தான். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தெரியும்வரை நெருப்பு மூட்டக் கூடாது, சமைக்கக் கூடாது என்பது யூத விதி. சனிக்கிழமை மதியம் சூடாகச் சாப்பிட வேண்டுமென்றால் முந்தின நாளே அடுப்பேற்றிவிட வேண்டும். இறைச்சியும் பயறும் தானியமும் சேர்ந்த சோலன்ட் என்ற குழம்பைப் பானையில் இட்டு மூடி, ஊர் ரொட்டிக்கடை அடுப்பின் தணலில் ராத்திரி முழுக்க விட்டுவைப்பார்கள். சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில், அந்தப் பானைக்குள்ளேயே ரொட்டி மாவு உருண்டை ஒன்றையும் வைத்து வேகவிட்டார்கள். குகலின் ஆரம்பம் அதுதான். பிற்பாடு அதற்குத் தனிப் பாத்திரம் கிடைத்தது. ரொட்டியின் இடத்துக்கு, முட்டை விட்டுப் பிசைந்து தேய்த்து நறுக்கிய லோக்‌ஷன் என்ற நூடுல்ஸ் வந்தது.

கிழக்கு ஐரோப்பாவில் குகலுக்கு மரியாதை கூடியது. ஹசிடிசம் என்ற யூதப் பக்தி மரபின் குருமார்களான ரெப்பேக்களின் பந்தியில், அவர்கள் ருசித்த தட்டிலிருந்து ஒரு துண்டு கிடைக்காதா என்று சீடர்கள் முண்டியடித்தார்கள், இன்றும் முண்டியடிக்கிறார்கள். இந்தப் பக்தியை ஆராய்ந்து ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார் ஆலன் நாட்லர். அவர் பேராசிரியராக இருந்த ட்ரூ பல்கலைக்கழகமும் நியூ ஜெர்சியில்தான் இருக்கிறது.

குகலில் இனிப்பு ஏறியது ஆலைகளால். 1801இல் சைலீசியாவின் குனெர்ன் என்ற ஊரில் அஹார்ட் என்ற வேதியியலாளர் பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையை நிறுவினார். அதுவரை சர்க்கரை கடல் கடந்து வந்த விலையேறிய சரக்கு. அந்த நூற்றாண்டில் இத்தகைய ஆலைகள் பெருகப் பெருக, போலந்து யூதர்கள் மீனில்கூடச் சர்க்கரை போட ஆரம்பித்தார்கள். லிதுவேனியா யூதர்கள் மட்டும் மிளகை விடவில்லை. அவர்களில் ஜெருசலேமில் குடியேறியவர்களோடு சேர்த்துச் சொல்லப்படுவது இன்னொரு குகல்: சர்க்கரையைக் கருஞ்சிவப்பாகும்வரை உருக்கி, மெல்லிய நூடுல்ஸில் கலந்து, மிளகுப் பொடியைத் தாராளமாகத் தூவிச் சுடுவது. மிளகு அறிந்த நம் நாக்குக்கு என் சிபாரிசு இதுதான்.

1881க்குப் பிறகு லட்சக்கணக்கான யூதர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பாட்டி கைப்பக்குவம் என்று இன்று பெருமையோடு பரிமாறப்படும் குகல் உண்மையில் இங்கே உருவானது. லிதுவேனியாவிலிருந்து வந்த பிரேக்ஸ்டோன் சகோதரர்கள் 1882இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் பால் பொருள் கடை திறந்தார்கள். புளித்த கிரீமும் காட்டேஜ் சீஸும் டப்பாவில் அடைபட்டு வீட்டுக்கு வந்தன. மொறுமொறுப்புக்காக மேலே நொறுக்கித் தூவும் கார்ன்ஃப்ளேக்ஸைத் தயாரிக்க கெல்லாக் கம்பெனி தொடங்கியது 1906இல். சுடும் பைரெக்ஸ் கண்ணாடித் தட்டு 1915இல் வந்தது. மனிஷெவிட்ஸ் கம்பெனி 1932இல் ஜெர்சி சிட்டியில் ஆலை வைத்தது. அதன் பெயர் போட்ட முட்டை நூடுல்ஸ் பாக்கெட் இன்றும் பல சூப்பர்மார்க்கெட் அலமாரிகளில் கிடைக்கும். சிலர் குகலில் சேர்க்கும் டப்பா அன்னாசிக்குப் பாட்டியின் ஊரில் எங்கே போவது?

முட்டைக்கும் நியூ ஜெர்சிக்கும் பழைய உறவு உண்டு. 1882இல் வைன்லாண்ட் அருகே அலையன்ஸ் என்ற யூத விவசாயக் குடியேற்றம் உருவானது. பின்னால் வைன்லாண்ட், டாம்ஸ் ரிவர், ஃபார்மிங்டேல் பக்கமெல்லாம் யூதர்கள் கோழிப் பண்ணை வைத்து நியூயார்க்குக்கு முட்டை அனுப்பினார்கள். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவர்களில் பலருக்கும் சோறு போட்டவை இந்தப் பண்ணைகள்.

செய்முறையில் சூட்சுமம் குறைவு. அகலமான முட்டை நூடுல்ஸை முக்கால் வேக்காட்டில் வடித்து, வெண்ணெய் புரட்டி, புளித்த கிரீம், காட்டேஜ் சீஸ், சர்க்கரை, பட்டைத்தூள், ஐந்தாறு முட்டை சேர்த்துக் கிளறி, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம் சுட வேண்டும். யூத உணவு விதிப்படி நடக்கும் கோஷர் சமையலறையில் முட்டையை நேராகக் கலவையில் உடைப்பதில்லை. ஒவ்வொன்றையும் தனியாக ஒரு கண்ணாடி டம்ளரில் உடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். ரத்தப் பொட்டு தெரிந்தால் அந்த முட்டை குப்பைக்கு. வெந்த பிறகு சண்டை வருவது மூலைத் துண்டுகளுக்குத்தான். இரண்டு பக்கமும் முறுகியிருப்பது அவை மட்டுமே.

இந்தக் கிரீம் குகல் கோழியோடு ஒரே மேசைக்கு வர முடியாது. பாலையும் இறைச்சியையும் சேர்க்கக் கூடாது என்பது இன்னொரு விதி. அதனால் வெள்ளி இரவு விருந்துக்கு எண்ணெயில் செய்த குகல். பாலும் கிரீமும் சேர்ந்தது ஷாவுவோட் பண்டிகைக்கும், யோம் கிப்பூர் விரதம் முடிக்கும் வேளைக்கும். பாஸ்ஓவர் வாரத்தில் நூடுல்ஸுக்கே தடை என்பதால் உருளைக்கிழங்கு குகல் வந்து உட்காரும். ரபி ஆரன் கோட்லர் 1943இல் யெஷிவா என்ற பெரிய யூத வேதக் கல்லூரியைத் தொடங்கிய, நியூ ஜெர்சியின் லேக்வுட் ஊரில், வார இறுதிக்கு முன் கடைகளில் இனிப்பு, மிளகு, உருளை என்று குகல்கள் அலுமினியத் தட்டுகளில் வரிசை கட்டும்.

விதியை மீறாமல் கிரீமையும் விடாமல் வழி கண்டுபிடித்தவர் டேவிட் மின்ட்ஸ். நியூயார்க்கில் கோஷர் உணவகம் நடத்தியவர். இறைச்சி உண்ட வாடிக்கையாளருக்குப் பால் சேர்ந்த எதையும் தர முடியாத சங்கடத்தில் டோஃபுவைப் பிடித்துக்கொண்டார். நியூ ஜெர்சியின் கிரான்ஃபோர்டில் இருக்கும், அவர் நிறுவிய டோஃபுட்டி கம்பெனியின் சோயா கிரீமால் கோழி வைத்த மேசைக்கும் கிரீம் குகல் வந்துவிட்டது. பால், இறைச்சி இரண்டும் கலக்காத பண்டத்துக்கு ‘பார்வ்’ என்று முத்திரை இருக்கும். அதை நம்பித் தட்டை நீட்டும் நம்மூர்ச் சைவக்காரர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்: பார்வ் கணக்கில் முட்டைக்கும் மீனுக்கும் தடையில்லை.