வைத்திருந்தாலே குற்றமா?

2024 ஜனவரியில் மைத்துனர் போனில் கேட்டார். "மாப்பிள்ளை, பேப்பர் பாத்தீங்களா? குழந்தைங்க படத்தைப் போன்ல வெச்சிருந்தவர் மேல இருந்த கேஸை ஹைகோர்ட் ரத்து பண்ணிடுச்சாமே. பாத்தது மட்டும் குற்றமில்லையா?"

அம்பத்தூர் வழக்கு அது. தனியாகப் பதிவிறக்கிப் பார்த்தார், யாருக்கும் அனுப்பவில்லை, ஆகவே குற்றமில்லை என்றது சென்னை உயர்நீதிமன்றம். அடியேன் காமர்ஸ் படித்தவன், வக்கீல் அல்ல. இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. அதன் பிறகு தேடிப் படித்ததுதான் இது.

இந்தக் கேள்வி அமெரிக்காவில் எப்போதோ எழுந்துவிட்டது. வீட்டுக்குள் ஒருவர் ஆபாசப் படம் வைத்திருப்பதை அரசு குற்றமாக்க முடியாது என்று அங்கே 1969-லேயே தீர்ப்பு உண்டு. பெரியவர்கள் சம்பந்தப்பட்டவரை அது சரி. 1982-ல் நியூயார்க் புத்தகக் கடைக்காரர் ஒருவரின் வழக்கு வந்தது. சிறுவர்களை வைத்து எடுத்த இரண்டு படங்களை, மாறுவேடத்தில் வந்த போலீஸிடமே விற்றிருந்தார் மனிதர்! உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. படம் என்பது அந்தக் குழந்தைக்கு நடந்த கொடுமையின் நிரந்தரப் பதிவு, அது கைமாற கைமாற காயம் பெருகும் என்பது முக்கியமான காரணம்.

அதன் பிறகு வியாபாரம் பதுங்கிவிட்டது. எடுப்பவனையும் விற்பவனையும் மட்டும் துரத்தினால் போதாது என்று புரிந்தது. 1990-ல் ஒஹாயோ வழக்கில் 6-க்கு 3 என்ற கணக்கில், வீட்டில் வைத்திருப்பதையும் குற்றமாக்கலாம் என்றார்கள். சட்டத்துக்குப் பயந்தாவது வைத்திருப்பவர்கள் அழித்துவிடுவார்கள். இந்தப் படங்களைக் காட்டியே வேறு குழந்தைகளை மசிய வைக்கிறார்கள் என்பதும் சொல்லப்பட்டது. இங்கிலாந்து 1978-ல் எடுப்பதையும் பரப்புவதையும் தடுத்து, 1988-ல் வெறுமனே வைத்திருப்பதையும் குற்றமாக்கியது.

கள்ள நோட்டு மாதிரிதான் என்று முதலில் நினைத்தேன் (பேங்க்காரன் புத்தி!). கவுன்ட்டருக்கு வந்தால் முத்திரை குத்திப் பிடித்து வைப்போமே தவிர, கொண்டு வந்தவரிடம் திருப்பித் தரமாட்டோம். ஆனால் ஒப்பீடு பாதி தூரம்தான் வருகிறது. கள்ள நோட்டில் காந்தி படம் இருக்கிறது. இதில் இருப்பது நிஜக் குழந்தை.

அந்தக் குழந்தை வளரவும் செய்யும். சிறுமியாக இருந்தபோது எடுத்த தன் படங்கள் இணையத்தில் சுற்றுவதைப் பதினேழு வயதில் அறிந்த ஒரு பெண், அவற்றில் இரண்டை வைத்திருந்தவரிடம் நஷ்டஈடு கேட்டார். சிகிச்சை, இழந்த வருமானம் எல்லாம் சேர்த்துச் சுமார் 34 லட்சம் டாலர். அந்த ஆளின் பங்குக்கு ஏற்ற அளவுதான் வாங்க முடியும் என்றது 2014 தீர்ப்பு. முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவனின் பங்கை எந்தக் கணக்கர் கணக்கிடுவது? 2018-ல் ஒரு குற்றவாளிக்குக் குறைந்தது 3,000 டாலர் என்று சட்டமே போட வேண்டியதாயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு 2009 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அதில் 'தேடுதல், பார்த்தல், பதிவிறக்குதல்' எல்லாமே உண்டு. முதல் முறை 5 ஆண்டு வரை சிறை. போக்சோ சட்டத்தின் 15-வது பிரிவு 2012-ல் வியாபார நோக்கில் சேமிப்பதை மட்டும் பிடித்தது. 2019-ல் அதை விரித்தார்கள். பகிரும் எண்ணத்தோடு, அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருந்தாலே குறைந்தது 5,000 ரூபாய் அபராதம். அனுப்பியிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

'எண்ணம்' என்ற அந்தச் சொல்லில்தான் சிக்கல். மனசுக்குள் இருப்பதை எப்படி நிரூபிப்பது? 2024 செப்டம்பர் 23-ல் சென்னைத் தீர்ப்பை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், தெரிந்தும் அழிக்காமல், புகார் செய்யாமல் வைத்திருந்ததிலிருந்தே அந்த எண்ணத்தை ஊகிக்கலாம் என்றது. 'குழந்தை ஆபாசப் படம்' என்ற சொல்லையே நீதிமன்றங்கள் விட்டுவிட வேண்டும், அது குழந்தை மீதான சுரண்டலின், வன்கொடுமையின் பதிவு என்றும் சொன்னது. எனக்குத் தீர்ப்பில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஒரு விஷயம், வாட்ஸப் குழு வைத்திருக்கும் நம் எல்லோருக்கும். "இவனைப் பிடிக்கும் வரை ஷேர் செய்யுங்கள்" என்று இப்படி ஒரு வீடியோ வந்தால், நல்லெண்ணத்தில்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலே புகார் கொடுக்கலாம். குழந்தைக்கு உதவி தேவையென்றால் 1098. மைத்துனருக்கும் இதைத்தான் சொன்னேன்.