கடைசி வள்ளமும் வலைப்பந்தும்

தீவகப் பெண்பிள்ளைகளின் விளையாட்டு வரலாற்றை எழுதப் புகுந்தால் வள்ள நேரத்திலிருந்தே தொடங்கவேண்டும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலக் கடற்பயணம். மாலைப் பயிற்சிக்கு நின்றால் கடைசி வள்ளம் போய்விடும். ஆதலால் பிள்ளையின் ஓட்டத்துக்கு முன் பெற்றோரின் சம்மதத்தை வெல்லவேண்டியிருந்தது. 1990இன் இடப்பெயர்வோடு ஊர்காவற்றுறைப் பக்கத்து மைதானங்களும் ஆளற்றுப் போயின.

ஈவினையில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் தீவகத்தவர் அல்லர். ஆனால் அவர் கதையை எங்கள் தாய்மார் அறியவேண்டும். 2.08 மீற்றர் உயரம். சிறுவயதில் அதுவே கேலிக்கு இடமாயிற்று. பின்னர் 2009இலும் 2018இலும் இலங்கை வலைப்பந்தில் ஆசியக் கிண்ணம் வென்றபோது வளையத்தின் கீழ் நின்றவர் அவரே. 2018இல் சிங்கப்பூரை 69-50 என வென்ற அணியைப் பயிற்றுவித்தவர் முன்னாள் வீராங்கனை திலகா ஜினதாச. கேலிசெய்யப்பட்ட உயரத்தைப் பலமாகக் கண்ட கண்கள் அவருக்கு வாய்த்தன.

எங்கள் பெற்றோர் பதக்கம் கேட்பதில்லை; இருட்டுமுன் பிள்ளை வீடு சேருமா என்றே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சங்கம் ஆண்டுதோறும் வெற்றிக்கிண்ணம் வழங்குகிறது. பயிற்சிக்காகத் தங்கும் பிள்ளைக்கு இராச்சாப்பாடும், மறுநாள் வள்ளக்கூலியும், துணைக்கு ஓர் ஆசிரியையும் தருவது இன்னும் மிச்சம் கிடக்கிறது.