கோ-கார்ட் பின் ஆக்சில்: எதைத் தேர்ந்தெடுப்பது? எப்படிச் சோதிப்பது?

"பின்னாடி வழுக்குதுண்ணே, ஆக்சில மாத்திடலாமா?"

சொந்தமாக கோ-கார்ட் வாங்கி ஓட்டத் தொடங்கும் பலர் முதல் சில மாதங்களிலேயே மெக்கானிக்கிடம் கேட்கும் கேள்வி இது. "ஹார்ட் போடு" என்பார் ஒருவர். "இந்த வெயிலுக்கு சாஃப்ட்தான் சரி" என்பார் பக்கத்து பிட்டில் இருப்பவர். இருவரும் அனுபவசாலிகள். ஆனால் பணம் நம்முடையது!

கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ், ஷா ஆலம் வட்டாரத்து இளைஞர்கள் பலருக்கு இந்த விளையாட்டு வாடகை கார்ட்டில்தான் ஆரம்பிக்கிறது. அங்கே எதையும் மாற்ற முடியாது. உட்கார்ந்து ஓட்ட வேண்டியதுதான். சொந்தச் சேஸ்ஸியோடு செப்பாங் கார்ட் தளத்துக்குப் போகும்போதுதான் 'செட்டப்' என்ற வார்த்தையும், அதோடு சேர்ந்து செலவும் வருகிறது. அதில் அதிகம் பேசப்படுவதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் பின் ஆக்சில்தான்.

அது என்ன செய்கிறது, எப்படித் தேர்ந்தெடுப்பது, வாங்கியது உண்மையிலேயே பலன் தருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு இரும்புக் குழாய்க்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

காரில் சஸ்பென்ஷன் உண்டு, டிஃபரன்ஷியல் உண்டு. பந்தய கார்ட்டில் இரண்டும் கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்சிலில் இறுக்கப்பட்டிருப்பதால், இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும்.

நேர்ப்பாதையில் இது பிரச்சினை இல்லை. வளைவில்தான் சிக்கல். பின்சக்கரங்களின் மையங்களுக்கு இடையே சுமார் 1.2 மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழு 'யூ' வளைவில், உள்பக்கச் சக்கரத்தைவிட வெளிப்பக்கச் சக்கரம் ஏறக்குறைய 3.8 மீட்டர் அதிகம் ஓட வேண்டும். ஆனால் இரண்டும் ஒன்றாகத்தானே சுற்றுகின்றன? அப்படியானால் ஏதாவது ஒரு டயர் தரையில் தேய்ந்தாக வேண்டும். அந்தத் தேய்மானம் கார்ட்டின் வேகத்தைத் தின்றுவிடும்.

இதற்கு கார்ட் வடிவமைப்பில் இருக்கும் வழி: வளைவில் உள்பக்கப் பின்சக்கரத்தைத் தூக்கிவிடுவது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரங்களின் சாய்வுக் கோணம் காரணமாக உள்பக்க முன்சக்கரம் கீழே அழுந்துகிறது. அதன் விளைவாக சேஸ்ஸி முறுக்கிக்கொண்டு, எதிர்மூலையில் எடை வெளிப்பக்கப் பின்சக்கரத்துக்குப் போகிறது. உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது, அல்லது அதன் மேலுள்ள பாரமாவது வெகுவாகக் குறைகிறது.

அந்தச் சக்கரம் எவ்வளவு சீக்கிரம் எழும்புகிறது, எவ்வளவு நேரம் மேலேயே நிற்கிறது, எப்போது இறங்குகிறது என்பதில் சேஸ்ஸியோடு சேர்ந்து ஆக்சிலின் வளையும் தன்மைக்கும் பங்கு உண்டு. சஸ்பென்ஷன் இல்லாத வண்டியில் ஆக்சிலும் ஒரு ஸ்பிரிங்தான்.

ஹார்ட், சாஃப்ட் என்றால் என்ன?

தயாரிப்பாளர்கள் ஆக்சில்களை 'சாஃப்ட்', 'மீடியம்', 'ஹார்ட்' என்றோ எழுத்துகளாலோ வகைப்படுத்துகிறார்கள். ஒரு நிறுவனத்தின் 'மீடியம்' இன்னொரு நிறுவனத்தின் 'மீடியத்துக்கு'ச் சமம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இதற்குப் பொதுவான அளவுகோல் இல்லை.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. உலோகத்தின் கடினத்தன்மை வேறு, விறைப்பு வேறு. எஃகை எப்படிப் பதப்படுத்தினாலும் அதன் அடிப்படை விறைப்பு (யங் குணகம்) சுமார் 200 கிகாபாஸ்கல்தான், பெரிதாக மாறாது. பதப்படுத்துவதால் மாறுவது, அடிபட்டால் நிரந்தரமாக வளைந்துபோகாமல் தாங்கும் சக்தி. ஆகவே ஒரே விட்டமும் ஒரே சுவர் தடிமனும் கொண்ட 'ஹார்ட்', 'சாஃப்ட்' ஆக்சில்கள் ஒரே பாரத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான் வளையும்.

ஓட்டுநர்கள் வித்தியாசத்தை உணர்வதாகச் சொல்வது உண்டு. அதுபற்றி கார்ட் உலகில் விவாதமும் உண்டு. ஆனால் கணக்குப் போட்டு நிரூபிக்கக்கூடிய வித்தியாசம் விட்டத்திலும் சுவர் தடிமனிலும்தான் இருக்கிறது:

• 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. சுவர் கொண்ட ஆக்சிலைவிட, அதே விட்டத்தில் 2.5 மி.மீ. சுவர் கொண்டது சுமார் 21 சதவீதம் விறைப்பானது.

• 40 மி.மீ. விட்டம், 3 மி.மீ. சுவர் கொண்ட ஆக்சிலைவிட, 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. சுவர் கொண்டது சுமார் 45 சதவீதம் விறைப்பானது. அதே சமயம் எடையும் குறைவு.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறீர்களா? தராசு எடுங்கள்

பழைய ஆக்சில்களில் முத்திரை அழிந்திருக்கும். விற்பவர் "இது ஹார்ட்தான் தம்பி" என்பார். நம்புவதா, வேண்டாமா?

எடை போட்டுப் பாருங்கள். 1040 மி.மீ. நீளமும் 50 மி.மீ. விட்டமும் கொண்ட எஃகு ஆக்சில், 2 மி.மீ. சுவராக இருந்தால் சுமார் 2.46 கிலோ இருக்கும். 2.5 மி.மீ. சுவராக இருந்தால் சுமார் 3.05 கிலோ. கிட்டத்தட்ட 600 கிராம் வித்தியாசம். சமையலறைத் தராசிலேயே தெரிந்துவிடும். சாவிப் பள்ளங்களால் சில கிராம் குறையலாம். ஹப், பேரிங் எதுவும் இல்லாமல் வெறும் ஆக்சிலை மட்டும் நிறுக்க வேண்டும். முனையில் வெர்னியர் வைத்துச் சுவர் தடிமனையும் அளந்துவிடுங்கள்.

இது விதிமுறைக்கும் உதவும். அனைத்துலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.யின் கார்ட் விதிகளின்படி, ஆக்சிலின் வெளிவிட்டம் அதிகபட்சம் 50 மி.மீ.; அந்த விட்டத்துக்குச் சுவர் தடிமன் குறைந்தது 1.9 மி.மீ. இருக்க வேண்டும். பின்பக்க மொத்த அகலம் 1400 மி.மீ.ஐத் தாண்டக்கூடாது. நீங்கள் கலந்துகொள்ளும் போட்டிக்குத் தனி விதிகள் இருக்கலாம்; சில போட்டிகளில் குறிப்பிட்ட ஆக்சிலை மட்டுமே அனுமதிப்பார்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் படித்துவிடுங்கள்.

அடுத்து, வளைவு. கார்ட்டை ஸ்டாண்டில் ஏற்றி ஆக்சிலைக் கையால் சுற்றி, டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். முள் ஆடினால் ஆக்சில் வளைந்திருக்கிறது. சாவிப் பள்ளத்தின் ஓரத்தில் விரிசல் இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். ஓடும்போது ஆக்சில் முறிந்தால் சக்கரமே கழன்றுவிடும்.

எந்தத் தரைக்கு எது?

பரவலாகச் சொல்லப்படும் தொடக்க விதி இதுதான்:

கிரிப் குறைவான தளம்: விறைப்பான ஆக்சில். அது வெளிப்பக்க டயருக்குப் பாரத்தைச் சட்டென்று கொண்டுபோகும். டயர் தரையைக் கடிக்கும்.

கிரிப் அதிகமான தளம்: மென்மையான ஆக்சில். இங்கே விறைப்பானதைப் போட்டால் கடி அளவுக்கு மீறிப் போய், வளைவில் பின்பக்கம் துள்ளலாம்.

அப்படியானால் ஏன் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்? ஏனென்றால் ஆக்சில் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. மென்மையான ஆக்சில் வளைந்து கொடுத்து டயரைத் தரையோடு ஒட்டவைக்கும். அதே சமயம் உள்பக்கச் சக்கரத்தைச் சீக்கிரமே கீழே இறக்கியும்விடும். எந்த விளைவு ஜெயிக்கும் என்பது சேஸ்ஸி, சீட் இருக்கும் இடம், ஓட்டுநரின் எடை, டயர் எல்லாவற்றையும் பொறுத்தது. 45 கிலோ எடையுள்ள பையனுக்குச் சரியாக அமைந்தது, 75 கிலோ எடையுள்ள அண்ணனுக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஆகவே அந்த விதி தொடக்கப் புள்ளி மட்டுமே. பதில் உங்கள் கார்ட்டில்தான் இருக்கிறது.

சோதிப்பது எப்படி? ஏ-பி-ஏ முறை

நம் ஊர்த் தளம் ஒரே நாளில் பல முறை மாறும். காலையில் தூசியோடு இருக்கும். மதிய வெயிலில் தரை 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டயர் ரப்பர் படிந்து கிரிப் ஏறும். மாலையில் ஒரு மழை பெய்தால் படிந்த ரப்பர் கழுவப்பட்டு, மறுபடியும் முதலிலிருந்து. இந்த மாற்றத்தைத்தான் பலர் ஆக்சிலின் பலன் என்று நினைத்து ஏமாறுகிறார்கள்.

ஒரு கற்பனை உதாரணம்:

• பழைய ஆக்சில் (ஏ): சராசரி 58.42 விநாடி

• புதிய ஆக்சில் (பி): சராசரி 58.20 விநாடி

"0.22 விநாடி மிச்சம்!" என்று துள்ளிக் குதிக்கத் தோன்றும். பொறுங்கள். பழையதையே மீண்டும் போட்டு ஓட்டுங்கள்.

• பழைய ஆக்சில் மறுபடியும் (ஏ): சராசரி 58.15 விநாடி

இப்போது கதை மாறிவிட்டது. வேகமானது தளம், ஆக்சில் ஒன்றும் செய்யவில்லை. இந்த மூன்றாவது ஓட்டம் இல்லையென்றால் தேவையில்லாத ஒரு பொருளை வாங்கியிருப்பீர்கள்.

சோதனையின்போது கவனிக்க வேண்டியவை:

• ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஆக்சிலோடு சேர்த்து ஹப்பையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

• அதே டயர் செட், ஓடும் முன் அதே காற்றழுத்தம், அதே அளவு பெட்ரோல், அதே ஓட்டுநர்.

• பின்பக்க அகலம் மாறக்கூடாது. இருபுறமும் டேப் வைத்து அளங்கள்.

• ஒவ்வொரு முறையும் 6 முதல் 8 லேப். ஒரே ஒரு வேகமான லேப்பைப் பார்க்காமல், நல்ல 4 அல்லது 5 லேப்களின் சராசரியை எடுங்கள்.

• நேரத்தைக் காட்டுவதற்கு முன்பே ஓட்டுநரிடம் கருத்தைக் கேட்டு எழுதிவிடுங்கள். நேரம் தெரிந்துவிட்டால் மனசு அதற்கேற்ப கதை சொல்லும்.

இன்னொன்று. உங்கள் லேப் நேரங்களே 0.3 விநாடி மேலும் கீழும் போகிறதென்றால், 0.1 விநாடி வித்தியாசத்தை உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கட்டத்தில் ஆக்சிலைவிட, கூடுதலாக நாலு ரவுண்டு ஓட்டிப் பழகுவதே லாபம்.

மாற்றும்போது செய்யும் தவறுகள்

ஆக்சிலை மாற்ற ஹப், செயின், ஸ்ப்ராக்கெட், பிரேக் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பேரிங்கின் சிறு ஸ்க்ரூக்களைத் தளர்த்திய பிறகுதான் ஆக்சில் உருவி வரும். அவசரப்பட்டுச் செய்தால் சோதனையே கெட்டுவிடும்.

புதியதைப் போட்டதும் அது நடுவில் இருக்கிறதா என்று இருபுறமும் அளங்கள். பேரிங் கூட்டை முழுமையாக இறுக்கும் முன் ஆக்சிலைச் சுற்றி, தானாக நேராக உட்கார விடுங்கள். எல்லாம் இறுக்கிய பிறகும் கையால் தட்டினால் சுலபமாகச் சுற்ற வேண்டும். அடைத்துக்கொண்டு சுற்றினால், எந்த ஆக்சில் போட்டாலும் கார்ட் மெதுவாகத்தான் ஓடும். செயின் நேராக இருக்கிறதா, பிரேக் டிஸ்க் பேடில் உரசுகிறதா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் தளத்தில் இறங்க வேண்டும்.

ஆக்சில் வாங்குமுன் காசு செலவில்லாமல் என்ன செய்யலாம்?

வளைவை விட்டு வெளியே வரும்போது இன்ஜின் திணறுகிறதா? பின்பக்கம் வழுக்குகிறதா? ஆக்சிலுக்கு முன்னால் இந்த வரிசையில் முயன்று பாருங்கள்:

1. டயர் காற்றழுத்தம். காசு செலவில்லை, ஒரு நிமிட வேலை. டயர் பழசாகிவிட்டதா என்றும் பாருங்கள்; தேய்ந்த டயரின் குற்றத்தை ஆக்சில் மீது போடுவது சகஜம்.

2. முன்சக்கர நேர்த்தி. சிறு மோதலிலேயே கோணம் மாறிவிடும்.

3. பின்பக்க அகலம். விதிக்கு உட்பட்டு சில மி.மீ. கூட்டிக் குறைத்தாலே வித்தியாசம் தெரியும். மழை வந்தால் முதலில் கை வைக்க வேண்டியவை டயரும் அகலமும்தான். ஆக்சில் மாற்ற அப்போது நேரம் இருக்காது.

4. மூன்றாவது பேரிங். உங்கள் சேஸ்ஸியில் அது இருந்தால், ஆக்சிலோடு இறுக்கும் ஸ்க்ரூக்களைத் தளர்த்திப் பாருங்கள். ஆக்சில் கூடுதலாக வளைய இடம் கிடைக்கும்.

5. ஹப் நீளம். நீளமான ஹப் ஆக்சிலை அதிகம் கவ்விப் பிடித்து விறைப்பைக் கூட்டும். நண்பரிடம் கடன் வாங்கியே சோதிக்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் பிரச்சினை தீரவில்லையென்றால் ஆக்சிலுக்கு வாருங்கள். சேஸ்ஸியோடு வந்த ஆக்சிலை அடிப்படையாக வைத்துக்கொண்டு, சுவர் தடிமனில் தெளிவான வித்தியாசம் உள்ள இன்னொன்று வாங்கினால் தொடக்கத்துக்குப் போதும். ஐந்து ஆக்சில்களை வேனில் ஏற்றிக்கொண்டு வருபவரோடு போட்டி போட வேண்டியதில்லை.

பதிலாக ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி, நேரம், வெயிலா மழையா, டயர் எத்தனை லேப் ஓடியது, காற்றழுத்தம், எந்த ஆக்சில், சராசரி நேரம், ஓட்டுநர் சொன்னது என்று எட்டுப் பத்திகள் போதும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் எழுதி வந்தால், "எந்த ஆக்சில் போடலாம்?" என்ற கேள்விக்கு உங்கள் கார்ட்டுக்கான பதில் அந்த நோட்டிலேயே கிடைத்துவிடும்.