எண்ணைப் பகிரும் போட்டியாளர்கள்: நூற்பாலை மின்சிக்கனத்தில் கூட்டாய்வின் இடம்

நூற்பாலைகளில் மின்சிக்கனத்தை ‘யு.கே.ஜி.’ கொண்டே பேசுவார்கள். ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்ற கணக்கு அது. அந்த எண்ணைத் தனியே வைத்துப் பார்த்தால் ஏமாற வேண்டியதுதான். நம்பர் ஏற ஏற நூல் மெலியும்; 80-ஆம் நம்பர் நூற்கும் ஆலை எவ்வளவு சிக்கனமாக ஓடினாலும், 30-ஆம் நம்பர் நூற்கும் ஊதாரி ஆலையைவிடக் கூடுதலாகவே காட்டும். மெல்லிய நூலில் ஒரு கிலோ சேரக் கதிர் நெடுநேரம் சுழல வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் 40-ஆம் நம்பருக்கு மாற்றி ஒப்பிடுவது வழக்கம். இம்மாற்றக் காரணிகளை எந்த ஆலையும் தன் கணக்கேட்டிலிருந்து மட்டும் வருவிக்க முடியாது. பல ஆலைகளின் தரவு ஓரிடத்தில் சேர வேண்டும். சேர்ப்பவர் எவருக்கும் போட்டியாளராக இருக்கக் கூடாது. அரசும் தொழில்துறையும் இணைந்து நடத்தும் ஆய்வகங்களின் முதன்மைப் பயன் இந்த நடுநிலைதான் என்பது இக்கட்டுரையின் வாதம். புதுக் கருவிகள் அதற்கு அடுத்தபடி.

1947-இல் அகமதாபாதில் அட்டிரா என்ற ஜவுளி ஆய்வகம் தோன்றியது; 1956-இல் கோவையில் சிட்ரா. ஆலைகளின் பங்கும் நடுவண் அரசின் ஆதரவும் சேர்ந்து வளர்த்த நிறுவனங்கள் இவை. பக்கத்து ஆலைக்காரரிடம் மின்கணக்கைக் காட்ட எந்த முதலாளியும் இசையமாட்டார். ஆனால் பெயர் மறைத்து வெளியாகும் ஒப்பீட்டில் தன் ஆலை எங்கே நிற்கிறது என்று அறிய எல்லோருக்கும் ஆவல். சிட்ராவின் ஒப்பீட்டு ஆய்வுகள் இந்த ஆவலின் மேல்தான் நிற்கின்றன.

அளப்பதும் எளிய வேலையன்று. ஆலை மின்சாரத்தின் பெரும்பங்கை, நூலை முறுக்கிச் சுற்றும் ரிங் பிரேம்களே விழுங்குகின்றன. நிறைந்த பாபின்களைக் கழற்றும் டாஃப் முடிந்து வெறும் பாபின்கள் ஏறிய சற்று நேரத்தில் மீட்டரை மாட்டினால் அளவு குறைவாகத் தெரியும். நூல் சேர்ந்து பாபின் பருக்கப் பருக்கக் காற்றின் தடை கூடி, மின்னிழுப்பும் ஏறும். ஒரு டாஃப் முதல் அடுத்த டாஃப் வரை முழுவதையும் அளக்காத தணிக்கை அறிக்கை வெறும் காகிதம்.

ஆலைக்குள் ஈரக்காற்றை அனுப்பும் ஈரப்பதக் கூடத்து விசிறிகளின் கதை வேறு. விசிறியின் வேகத்தை 20 விழுக்காடு குறைத்தால், கோட்பாட்டளவில், மின்செலவு ஏறத்தாழப் பாதியாகும். மழைக்காலத்தில் இது பெரும்பாலும் இயலும். இருந்தும் பல ஆலைகளில் விசிறி முழு வேகத்தில்தான் சுற்றுகிறது. காரணம் அறியாமை அன்று. வேகம் குறைத்ததால் நூல் அறுந்தால், நூற்பைக் கவனிக்கும் ஸ்பின்னிங் மாஸ்டரைக் கேட்பார்கள். மின்கட்டணத்துக்காக அவரை யாரும் கேட்பதில்லை. அறுதல் கூடாமல் எவ்வளவு குறைக்கலாம் என்பதற்குப் பிற ஆலைகளின் சான்று கைக்கு வந்தால்தான் அவர் துணிவார்.

துணிவுக்கான விலையை யார் தருவது என்பதை ஃபிரோசாபாத் கண்ணாடித் தொழில் காட்டுகிறது. ஃபிரோசாபாத் அடங்கிய தாஜ்மகால் சுற்றுவட்டத் தொழிற்சாலைகள் நிலக்கரியைக் கைவிட வேண்டும் என 1996-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எரிவாயுவுக்கு மாறியது மட்டும் சிக்கனம் ஆகிவிடவில்லை. புகையோடு வெளியேறும் வெப்பத்தை மீட்டு, எரிதலுக்கான காற்றை முன்கூட்டியே சூடாக்கும் உலை வேண்டியிருந்தது. சுவிஸ் அரசின் வளர்ச்சி முகமை நிதியுதவியுடன் டெரி என்ற ஆற்றல் ஆய்வு நிறுவனம் அதை வடிவமைத்தது. இரவும் பகலும் அணையாத உலையைச் சோதனைக்கு ஒப்படைக்கும் சிறு முதலாளிக்கு, தோல்வி என்றால் பிழைப்பே போயிற்று. முதல் சோதனையின் இழப்பைப் பொதுப்பணம் தாங்கிக்கொள்ளும்போதுதான் அவர் உலையைத் திறந்துவிடுவார்.

மின்கட்டணம் உயர்ந்தால் சிக்கனம் தானாக வரும் என்பார் உண்டு. கட்டணச்சீட்டு மொத்தத்தைச் சொல்லும். ஒழுகும் இடத்தைச் சொல்லாது. இலக்கு விதித்தால் போதும் என்பார்க்கும் நடுவண் அரசு 2012-இல் தொடங்கிய ‘பாட்’ ஆற்றல் சேமிப்புத் திட்டம் முழு விடையல்ல. 8 துறைகளின் 478 ஆலைகளுக்கு விதித்த முதல் சுற்றின் இலக்கு சுமார் 6.69 மில்லியன் டன் எண்ணெய்க்கு நிகரான சேமிப்பு, எட்டியது 8.67. இதை வெற்றி என்று கொண்டாடினார்கள். இலக்கே தளர்வாக இருந்ததோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

தவிர, ஆண்டுக்கு 3,000 டன் எண்ணெய்க்கு நிகரான ஆற்றலைவிடக் குறைவாகச் செலவிடும் ஜவுளி ஆலைகள் அந்த வலைக்குள் வரவே இல்லை. ஆய்வகச் சந்தாவுக்குத் தயங்குவோரும் பெரும்பாலும் இந்தச் சிற்றாலைகளே. இயந்திரம் வாங்க இவர்களுக்குத் தரும் மானியத்தில் ஒரு பங்கை, பிரேம்வாரியாக மீட்டர் பொருத்தவும் முதல் சோதனையின் இழப்பை ஈடுகட்டவும் திருப்பலாம். பெறும் ஆலை தன் யு.கே.ஜி.யை, பெயர் மறைத்து வெளியிடுவதற்காக, ஆண்டுதோறும் ஆய்வகத்துக்கு ஒப்படைக்க வேண்டும். அது தவறினால் அடுத்த தவணை இல்லை.