அடையாற்றின் மேல் சில பாலங்கள்

காலை ஒன்பது மணிக்குத் திரு.வி.க. பாலத்தில் பேருந்து ஊர்ந்தால் சலித்துக்கொள்ளாமல் பக்கத்தில் எட்டிப் பாருங்கள். குறுகலாக ஒரு கிழப் பாலம் தெரியும். எல்பின்ஸ்டன் பாலம். 1837 முதல் 1842 வரை சென்னை ஆளுநராக இருந்த பிரபுவின் பெயர் அது.

ஜட்காவுக்கும் மாட்டு வண்டிக்கும் அந்த அகலம் போதுமானதாக இருந்திருக்கும். தென்கரையில் 1882இல் பிரம்மஞான சபை வந்தபோதுகூட சுற்றிலும் தோப்பும் குப்பங்களும்தான். பிறகு காந்தி நகர் எழுந்தது, 1959இல் ஐ.ஐ.டி. வந்தது; வீட்டு வசதி வாரியம் பெசன்ட் நகரை உருவாக்கியது. ஆபீஸ், கச்சேரி, ஜவுளிக்கடை எல்லாம் வடகரையில். வீடு மட்டும் தென்கரையில். கிழப் பாலம் திணறியது. 1973இல் புதுப் பாலம் பக்கத்திலேயே திறந்தது.

பெயர் வைத்தவர்கள் யோசித்து வைத்தார்களோ இல்லையோ, பொருத்தம் அமைந்துவிட்டது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவியபோது திரு.வி.க.வோடு தோள்கொடுத்த பி.பி.வாடியா பிரம்மஞான சபைக்காரர். இன்று திரு.வி.க.வின் பாலம் அந்தச் சபையின் மதிலருகேதான் இறங்குகிறது.

அதே ஆற்றின் மேல் சைதாப்பேட்டைப் பாலத்தின் கதை இன்னும் பழையது. 1726இல் ஆர்மேனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் சொந்தப் பணம் 30,000 வராகன் செலவிட்டு அங்கே பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் போகும் பக்தர்கள் ஆற்றில் இறங்கி அவதிப்படக் கூடாது என்பது அவர் எண்ணம். கட்டியதோடு கைகழுவவில்லை. பராமரிப்புக்கென்று தனியாக 1,500 வராகனும் ஒதுக்கினார். நம் ஒப்பந்தக்காரர்கள் படிக்கவேண்டிய பாடம் இதுதான். மாம்பலம் என்ற பெயரை வெள்ளைக்காரர் வாய் 'மார்மலாங்' ஆக்க, பாலமும் அப்படியே வழங்கியது. 1966இல் அதன் இடத்தில் வந்த புதுப் பாலத்துக்கு மறைமலையடிகள் பெயர். தமிழைச் சிதைத்த பெயர் போய்த் தனித்தமிழ் கண்டவரின் பெயர் வந்தது. ஓசைகூட அதிகம் மாறவில்லை!

2015 டிசம்பர் முதல் வாரத்தில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அந்தப் பாலத்தையே மூடவைத்தது. கோட்டூர்புரம் பாலமும் அடைபட்டது. மயிலாப்பூரில் இருந்த பிள்ளைக்கும் கோட்டூரில் இருந்த தாய்க்கும் நடுவே ஆறு மட்டும் ஓடியது. ஒரு பாலம் என்னவென்று அன்றுதான் பலருக்கும் புரிந்தது.

முகத்துவாரத்தில் இன்னொன்று உண்டு. சாந்தோம் பக்கமிருந்து எலியட்ஸ் கடற்கரைப் பக்கம் மீனவர்கள் நடந்து போவதற்காக 1967இல் கட்டியது. 1977இல் வெள்ளம் அதன் ஒரு பகுதியை அடித்துப் போனது. சினிமாக்காரர்கள் அந்த உடைந்த பாலத்தில் படம் எடுத்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் மீனவர்களுக்கு யாரும் அதைக் கட்டித் தரவில்லை.